ஏழு மணிக்குக் கிளம்பியவர்

என் வீட்டுக்காரர் எந்த வருஷம் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்பினார் என்று கேட்டால் இப்போதும் தடுமாறாமல் சொல்வேன். அவர் செருப்பை மாட்டுவதற்குள் சோறு வடித்து, ஒரு குழம்பு வைத்து, டிபன் பாக்ஸை மூடியாக வேண்டும். அவர் கிளம்பும் நேரத்தை வைத்துத்தான் நான் எழுந்திருக்கும் நேரம்.

கல்யாணமான புதிதில் எட்டு இருபதுக்குக் கிளம்புவார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அது எட்டு மணி ஆனது. அவள் பத்தாவது படித்த வருஷம் ஏழே முக்கால். கல்யாணமாகி அவள் திருப்பூருக்குப் போன பிறகு ஏழு இருபது. கடைசி வருஷம் ஏழு மணிக்கே வாசலைத் தாண்டிவிடுவார்.

வேலை மாறவில்லை, இடமும் மாறவில்லை. ஊருக்கு மேற்கே நிற்கிற மலைதான். மலை என்று நாங்கள் சொல்கிறோம். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு பெரிய மொட்டைப் பாறை. குன்றாண்டார்கோவில் பக்கம் பஸ்ஸில் போனால் இந்த மாதிரிப் பாறைகள் வயலுக்கு நடுவில் திடீர் திடீரென்று எழுந்து நிற்கும். எங்கள் பாறையின் உச்சியில் ஒரு பழைய கற்கோவில் இருக்கிறது. பூசை கிடையாது. அரசாங்கத் துறை ஒன்றின் பராமரிப்பில் உள்ளது. காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும், சாயங்காலம் ஐந்தரைக்குப் பூட்ட வேண்டும். நடுவில் வருகிறவர்கள் சுவரில் கிறுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவருடைய வேலை. இருபத்திரண்டு வருஷம் அந்த ஒரே மலையில் ஏறி இறங்கினார்.

அந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் மூன்றே தடவைதான் மேலே போயிருக்கிறேன். முதல் தடவை கல்யாணமான மாதத்தில். ஊர்ப் பக்கம் பார்த்த கிழக்குச் சரிவு வழியாகக் கூட்டிப்போனார். அது செங்குத்து. பாறையில் யாரோ எந்தக் காலத்திலோ வெட்டி வைத்த கால்குழிகள் மட்டும்தான் படி. அவர் பின்னால் திரும்பி எனக்குக் கை கொடுத்துக்கொண்டே, பேசிக்கொண்டே ஏறினார். எனக்கு வாய் உலர்ந்து போனது. அவருக்குச் சட்டை கூட நனையவில்லை.

அதனால் வருஷா வருஷம் அவர் முன்னதாகக் கிளம்பியதை நான் மலையோடு சேர்த்து யோசிக்கவே இல்லை. வீட்டோடு சேர்த்துத்தான் யோசித்தேன். மகள் போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்துபோயிருந்தது. என்ன சண்டை என்று கேட்டால் சொல்வதற்கு எதுவும் கிடையாது. சாயங்காலமும் முன்பெல்லாம் ஆறு மணிக்கு வருகிறவர் ஏழு, ஏழே கால் என்று வரத் தொடங்கினார். வந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் காலையில் எனக்குத் தாங்கவில்லை. குக்கர் விசில் அடங்குவதற்குள் அவர் வாசலில் நின்றார்.

"வீடு அம்புட்டுக் கசக்குதா ஒங்களுக்கு?" என்றேன்.

"என்ன பேச்சு பேசுற? வெயிலுக்கு முன்னாடி ஏறிரணும்ல."

"போன வருஷம் அடிக்காத வெயிலா இந்த வருஷம் அடிக்குது?"

அவர் டிபன் பாக்ஸை வாங்கிப் பைக்குள் வைத்தார். பையின் ஜிப்பை மெதுவாக, இழுத்து இழுத்து மூடியது ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சோற்றை இன்னும் கொஞ்சம் முன்னதாக வைத்தேன், அவ்வளவுதான்.

அவர் இறந்தது மலையில் இல்லை. வார லீவு நாள். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "படுக்கையில விழாம, யாரையும் கஷ்டப்படுத்தாம, சட்டுனு போயிட்டாரு." நானும் அதைத்தான் மற்றவர்களிடம் சொன்னேன். சட்டென்று போனார் என்று.

கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. நான் பிளஸ் டூ படித்திருந்தேன். எந்த இடத்தில் போடலாம் என்று அலுவலகத்தில் கேட்டபோது, "அதே மலை காலியா இருந்தா அங்கயே போடுங்க சார்" என்றேன். எதிரில் இருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "ஏற முடியுமாம்மா ஒங்களால?" என்று கேட்டார். முடியும் என்றேன். வீட்டுக்குப் பக்கம் என்பதுதான் காரணம். வேறு எதையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

முதல் நாள், அவர் கிளம்பிய மாதிரியே ஏழு மணிக்குக் கிளம்பினேன். மலைக்குப் போக அவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. ஊரிலிருந்து மலையடிவாரம் பத்து நிமிஷம். கிழக்குச் சரிவில் கால்குழிகளைப் பிடித்து, இரண்டு இடத்தில் நின்று தண்ணீர் குடித்து, பயந்து பயந்துதான் ஏறினேன். மேலே போய்க் கைபேசியைப் பார்த்தால் ஏழு முப்பத்தைந்து.

கோவில் பூட்டிக் கிடந்தது. ஒன்பது ஆக இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடந்தது. வாசல்படியில் உட்கார்ந்தேன். கீழே எங்கள் ஊர், கண்மாய், அதற்கு அப்பால் தைல மரக்காடு. ஆள் அரவமே இல்லை. காற்று மட்டும் கற்களுக்கு இடையில் நுழைந்து வந்துகொண்டிருந்தது. ஏழு மணிக்குக் கிளம்பிய மனுஷன் இத்தனை நேரம் என்ன செய்தார் என்ற கேள்வி அங்கேதான் எனக்கு முதலில் வந்தது.

மறுநாள் எட்டு மணிக்குக் கிளம்பினேன். அப்போதும் சீக்கிரம். எட்டே கால், எட்டு இருபது என்று தள்ளிக்கொண்டே போய், அவர் கல்யாணமான வருஷத்தில் கிளம்பிய நேரத்துக்கே நானும் வந்து நின்றேன். நாற்பத்தாறு வயதில், மலையே ஏறிப் பழக்கமில்லாத எனக்கு அது போதுமானதாக இருந்தது. அப்படியானால் மலையில் பிறந்த மாதிரி ஏறிய அவர் எங்கே போனார்?

எனக்குத் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். வேறு ஒரு வீடு இருந்திருக்கும் என்று நினைத்தேன். காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். செத்துப்போன மனுஷன் மேல் சந்தேகப்படுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தும் நினைத்தேன். யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் ஊருக்குள் அது ஒரு கதையாகிவிடும். கோவில் வாசலில் பகல் முழுவதும் தனியாக உட்கார்ந்திருப்பவளுக்கு இதை நினைப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை. வாரத்தில் நாலு நாள் ஒரு ஆள் கூட வராது. பேசாமல் பேசாமல், சாயங்காலம் வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டில் ஏதாவது கேட்டால் என் குரல் எனக்கே கரகரவென்று கேட்கும்.

நேரத்தைப் போக்குவதற்காகத்தான் மலைக்கு ஏறும் வழிகளைப் பார்க்கத் தொடங்கினேன். மூன்று வழி இருந்தது. கிழக்குச் சரிவு, நான் ஏறுவது. தெற்கே சுனையை ஒட்டி ஒரு வழி. மழை பெய்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. பாறையில் கறுப்புக் கறுப்பாக நீளக் கோடுகள் இருக்கும், தண்ணீர் வடிந்த தடம். காய்ந்திருந்தால் அதில் கால் நன்றாகப் பிடிக்கும். ஈரமாக இருந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். மூன்றாவது, மலையைச் சுற்றிக்கொண்டு போய் வடக்கிலிருந்து ஏறும் வழி. அது செடி கொடிகளுக்குள் வளைந்து வளைந்து, மெல்ல மெல்ல உயரும் ஆட்டுப்பாதை. உசிலை மரங்களின் நிழல் உண்டு.

ஒவ்வொரு வழியிலும் கைபேசியில் நேரம் பார்த்து நடந்தேன். கிழக்கில் இருபத்தைந்து நிமிஷம். தெற்கில் முப்பது. கீழேயிருந்து பார்க்கிற யாரும் இவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல மாட்டார்கள். மொட்டைப் பாறையில் மரம் மட்டை இல்லாததால் உச்சி கைக்கெட்டும் தூரம் போலத் தெரியும். வருகிறவர்கள் பத்து நிமிஷம் என்று நினைத்து, தண்ணீர் கொண்டு வராமல், பதினொரு மணிக்குப் பாறை கொதிக்கும்போது ஏறத் தொடங்குவார்கள். இறங்குவது சுலபம் என்று நினைப்பார்கள். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இறங்கத்தான் அதிக நேரம் ஆகும். இதெல்லாம் நானாகக் கற்றுக்கொண்டேன்.

வடக்கு வழியில் போனது வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம். பாதி தூரத்தில், ஒரு உசிலை மரத்தடியில் அறுபது வயது மதிக்கத்தக்க அக்கா ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். சுற்றிலும் வெள்ளாடுகள். என்னைப் பார்த்ததும் அவராகவே பேசினார்.

"மேல டூட்டிக்கு வந்திருக்கது நீதானே, ஆத்தா? அந்தத் தம்பி சம்சாரம்?"

"ஆமாக்கா. அவரை ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? தெனம் இங்கிட்டுத்தானே வரும். இந்தா, இந்த மரத்தடியில உக்காரும். அதுக்குக் கீழ அந்தச் சப்பைப் பாறையில ஒருக்கா. மேல அந்தத் திருப்பத்துல ஒருக்கா. கடைசியா அந்த உச்சிக்குக் கொஞ்சம் இங்கிட்டு. நாலு எடத்துல உக்காந்து உக்காந்துதான் போகும்."

"எதுக்கு உக்காருவாரு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மூச்சு வாங்கும்ல, ஆத்தா. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. ஒரு பெண்டாட்டிக்குத் தெரியாதது ஆடு மேய்க்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதை அந்த இடத்தில் வாய் திறந்து ஒப்புக்கொள்ள முடியவில்லை.

"அதானே," என்றார் அவர். "நான் கூடக் கேட்டேன், வீட்ல சொல்லிட்டியா தம்பின்னு. சொல்லிட்டேன்க்கா, அவதான் மாத்திரை எல்லாம் எடுத்துக் கொடுக்குறான்னு சொல்லுச்சு. பெரிய ஆஸ்பத்திரில போய்ப் பாருன்னேன். பாத்தா மலை வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதி எங்கிட்டாவது தூரமாத் தூக்கிப் போட்டுருவாங்கன்னு பயந்துச்சு. ஆறேழு வருஷம் அப்பிடித்தான் வந்துச்சு. மொத வருஷம் இந்த மரத்துக்கிட்ட மட்டுந்தான் நிக்கும். பெறகு பெறகு ஒவ்வொரு எடமாக் கூடிப்போச்சு."

ஒரு ஆடு சரிவில் இறங்கியது. அவர் அதை அதட்டிக்கொண்டே போய்விட்டார்.

நான் அந்த மரத்தடியிலேயே நின்றேன். அவரும் அந்த அக்காவிடம் பொய் சொல்லியிருக்கிறார், நானும் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் ஒரே பொய்யை, ஒரே இடத்தில். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேனாம். வீட்டில் அப்படி ஒரு மாத்திரை அட்டையை நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்குக் கோவிலை ஒன்பது பத்துக்குத்தான் திறந்தேன்.

மறுநாள் ஏழு மணிக்குக் கிளம்பி அவருடைய வழியில் போனேன். அந்த அக்கா சொன்ன நாலு இடத்திலும் உட்கார்ந்தேன். அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை நானும் எடுத்துக்கொண்டு ஒன்பதுக்கு மேலே போய்ச் சேர வேண்டும் என்று ஒரு பிடிவாதம். என்னால் முடியவில்லை. கால் தானாக முன்னே போனது. வேண்டுமென்றே மெதுவாக, இரண்டடி வைத்து நின்று, இரண்டடி வைத்து நின்று நடந்தாலும் எட்டரைக்கு உச்சி வந்துவிடும் போலிருந்தது. அவ்வளவு மெதுவாக நடக்க ஒரு மனுஷனுக்கு உடம்பில் எவ்வளவு முடியாமல் இருந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

நாலாவது இடம் உச்சிக்குச் சற்றுக் கீழே, கிழக்கே திரும்பிய ஒரு பாறை முனை. அங்கே உட்கார்ந்தால் எங்கள் வீட்டு மொட்டை மாடி தெரிந்தது. கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும், துணி காயப்போடும் கம்பியும் தனித்தனியாகத் தெரிந்தன. எட்டரை மணிக்கு நான் துணி காயப்போட மாடிக்குப் போவேன். எல்லா நாளும் போவேன். ஒரு நாளாவது மலைப் பக்கம் நிமிர்ந்து பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

அங்கே உட்கார்ந்து அழுதேன். செத்த வீட்டில் அழுததைவிட அதிகமாக அழுதேன். அழுகையோடு கோபமும் வந்தது. சொல்லியிருக்கலாம் அல்லவா? வீடு கசக்குதா என்று நான் கேட்டபோது, இல்லடி, நடக்க முடியலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறகு அந்தக் கோபமும் என் பக்கமே திரும்பியது. எட்டு இருபது, எட்டு, ஏழே முக்கால், ஏழு இருபது, ஏழு. அத்தனையும் எனக்குத்தான் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அதே மலைக்கு அதே ஆள் போக வருஷத்துக்கு வருஷம் நேரம் கூடுகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாள் யோசித்திருந்தால் போதும்.

கோவிலுக்குத் தென்கிழக்கு மூலையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்று மகளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நம்ம ரெண்டு பேர் கிட்டயும் சொல்லலையாம்மா அப்பா?"

"சொல்லலை."

"கடைசியா நான் வந்தப்ப மலைக்குப் போலாம்ப்பான்னு கூப்பிட்டேன். கால்ல முள்ளு குத்திருச்சு, நீ மட்டும் போயிட்டு வான்னாரு." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அம்மா, நீ அங்க தனியா உக்காந்து இதையே யோசிச்சுக்கிட்டு இருக்க. வேலையை விட்டுட்டு இங்கிட்டு வந்துரு."

"பாக்குறேன்," என்றேன். விடுகிற எண்ணம் எனக்கு இல்லை. திருப்பூரில் அவளுக்கு இரண்டு அறை வீடு, மாமியார், ஷிப்ட் வேலை. அங்கேயும் பகல் முழுவதும் நான் ஒரு மூலையில்தான் உட்கார்ந்திருப்பேன். இந்த மூலை பழகிவிட்டது.

அதன் பிறகு வருகிறவர்களைப் பார்க்கும் விதம் மாறிப்போனது. அடிவாரத்தில் வண்டி நிற்கும் சத்தம் மேலே கேட்கும். பாறை விளிம்புக்குப் போய்க் கிழக்குச் சரிவைப் பார்ப்பேன். எத்தனை பேர், யார் முன்னால், யார் பின்னால், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தாலே எத்தனை நிமிஷத்தில் மேலே வருவார்கள் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் தப்பாது. சொல்வதற்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

போன தை மாதம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். மதியம் மூன்று மணி இருக்கும். கிழக்குப் பக்கம் நிழல் விழுந்திருந்தது. புருஷனுக்கு அறுபது வயது இருக்கலாம், வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். அந்த அம்மா கொஞ்சம் பருமன். ஆனாலும் அந்த அம்மாதான் முன்னால் வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்தவர் நாலைந்து கால்குழிக்கு ஒரு தடவை நின்று, கைபேசியை எடுத்து, போட்டோ எடுத்தார். மூன்றாவது தடவை கைபேசி நீட்டிய பக்கத்தைப் பார்த்தேன். அங்கே வெறும் பாறை. எடுத்துவிட்டு ஒரு கையை இடுப்பில் வைத்துக் குனிந்து நின்றார்.

நான் இறங்கிப் போனேன். பாதிச் சரிவில் அவர்களைப் பார்த்தேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று தொப்பிக்காரர் கேட்டார். சிரித்த முகமாக இருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"இந்த வழியில வேணாம் சார். இங்கன கொஞ்சம் உக்காருங்க. பெறகு வடக்கால ஒரு பாதை இருக்கு. சரிவு கம்மி. நேரம் கூட ஆகும், ஆனா லேசா இருக்கும்."

"எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. தெனம் வாக்கிங் போற ஆளு நான்."

"இருந்துட்டுப் போலாங்க. எனக்குக் காலு வலிக்குது," என்றார் அந்த அம்மா. தொப்பிக்காரர் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் தள்ளி அந்த அம்மாவும் நானும் உட்கார்ந்தோம்.

"நிஜமாவே தெனம் நடப்பாருங்க," என்று அந்த அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஆறு மணிக்குப் போனா முன்னல்லாம் ஏழுக்கு வந்துருவாரு. இப்பத்தான் எட்டாயிருது. ஃப்ரெண்ட்ஸுங்களோட உக்காந்து அரட்டை போல."

"வேற வழியா சுத்திப் போறாரா?"

"இல்லையே. அதே பார்க்கு, அதே நாலு ரவுண்டு."

நான் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். மகளைத் தவிர வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. முன்பின் தெரியாத அந்த அம்மாவிடம், எட்டு இருபதிலிருந்து ஏழு மணி வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் புருஷனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு எழுந்து போய் அவரிடம் ஏதோ கேட்டார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "கதவைத் தொறந்து விடுறதுதானம்மா ஒங்க வேலை? அவகிட்ட எதுக்குத் தேவையில்லாததெல்லாம் சொல்றீங்க?" என்றார்.

"மன்னிச்சுக்கங்க சார்," என்றேன். "மேல போக வேணாம். எறங்கிருங்க. எறங்குறதுக்கும் வடக்குப் பாதைதான் நல்லது. நான் கூட வாரேன்."

அவர் மேலே போயே தீருவேன் என்று இரண்டு கால்குழி ஏறினார். அந்த அம்மா அசையவே இல்லை. "நான் வரலை. நீங்க போனா தனியாத்தான் போகணும்," என்றார். அவர் நின்றார். ரொம்ப நேரம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு திரும்பி வந்தார்.

பாதிச் சரிவிலிருந்து குறுக்கே ஒரு பாறைத் திண்டு வழியாக வடக்குப் பாதைக்கு மாறலாம். அந்த வழியே மூன்று பேரும் இறங்கினோம். வழியில் நாலு தடவை உட்கார்ந்தோம். அடிவாரத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காரில் ஏறும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் புருஷன் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் போய்விட்டது. டாக்டரைப் பார்த்தார்களா, என்ன சொன்னார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. போன் நம்பர் வாங்கிக்கொள்ள எனக்கும் தோன்றவில்லை, கொடுக்க அவர்களுக்கும் தோன்றவில்லை.

கோவிலைப் பூட்ட நான் திரும்பவும் மேலே ஏறினேன். அவசரத்தில் வேகமாக ஏறியதில் எனக்கே படபடவென்று வந்தது. முன்பு எப்போதும் அப்படி வந்ததில்லை. பயமாக இருந்தது.

அடுத்த வார லீவில் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண், "கூட வந்தவங்க பேரு?" என்று கேட்டாள்.

"யாரும் வரலைம்மா."

"அட்டெண்டர் ஒருத்தரும் இல்லையா?"

"இல்லை."

அவள் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள். ஈசிஜி எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் எல்லாரும் இரண்டு பேராக, மூன்று பேராக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே பை, செருப்பு, சீட்டு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் முறை வந்தபோது நான் பையோடு உள்ளே போனேன்.

"பையை வெளிய ஒங்க ஆளுகிட்ட கொடுத்துட்டு வாங்க," என்றார் நர்ஸ்.

"ஆளு இல்லைங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பையை என் கையிலிருந்து வாங்கித் தன்னுடைய நாற்காலியில் வைத்தார். "நானே பாத்துக்கிறேன், படுங்க," என்றார். படுத்தேன். ரவிக்கையைத் தளர்த்தி நெஞ்சிலும் மணிக்கட்டிலும் எதையோ ஒட்டினார். ஜில்லென்றிருந்தது.

"மலையில வேலைன்னு எழுதியிருக்கே. ஏறி எறங்கவா?"

"ஆமா. தெனம்."

"எவ்வளவு நேரம் ஆகும் ஏற?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"எப்பவுமே அவ்வளவுதானா, இப்ப கூடியிருக்கா?"

அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். கண் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது.

"அசையாதீங்க," என்றார் அவர். "கோடு மாறிரும்."

நெஞ்சில் ஒன்றும் இல்லை, முழங்கால்தான் தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். படி ஏறுவதைக் குறைக்கச் சொன்னார். சரி என்றேன். நர்ஸ் நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கொடுத்தபோது அதன் ஜிப் பாதி திறந்திருந்தது. அவரே அதை மூடி, என் தோளில் மாட்டிவிட்டார்.